ஆறு ரகம், முப்பத்தாறு பாத்தி: ஒரே வயலிலா, ஆறு ஊரிலா?

காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று அடுத்த சம்பாவுக்கு எந்த நெல் ரகத்தை விதைக்காகப் பெருக்குவது என்று முடிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பொன்னி, பிபிடி 5204, சிஆர் 1009 சப் 1, ஏடிடி 51, கோ 52, டிஆர்ஒய் 3 என ஆறு ரகங்கள் பேச்சில் இருக்கின்றன. வயது 130 நாளிலிருந்து 160 நாள் வரை போகிறது. ஆளும் பணமும் 36 பாத்திக்குத்தான் வரும், அதாவது ரகத்துக்கு ஆறு பாத்தி. இந்த ஆறையும் எங்கே போடுவது?

நான்கு வழிகள் உண்டு. நல்ல வயல் ஒன்றைப் பிடித்து ஆறு பிரதியும் (பிரதி என்பது ஒரே ரகத்தைத் திரும்பப் போடும் பாத்தி) அங்கேயே போடலாம். மூன்று ஊரில் இரண்டிரண்டாகப் போடலாம். ஆறு ஊரில் ஒவ்வொன்றாகவும் போடலாம். நான்காவது வழி மூன்று ஊரில் ஒரு பிரதி வீதம் இரண்டு சம்பா போடுவது. பாத்திக் கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் கிடைக்கும் பதிலின் நம்பகம் ஒன்றல்ல. பெரும்பாலோர் முதல் வழிக்குப் போகிறார்கள். மேற்பார்வை எளிது, பார்வைக்கும் அழகாக இருக்கும். எங்கள் கணிப்பில் இந்த நான்கில் மோசமானது அதுதான்.

கண்டுமுதலில் ரகத்தின் பங்கு எவ்வளவு

ஒரு பாத்தியில் கிடைக்கும் நெல்லை நான்கு கூறாகப் பிரிக்கலாம். அந்த இடமும் அந்த ஆண்டும் எல்லா ரகத்துக்கும் பொதுவாகக் கொடுப்பது ஒன்று. ரகம் எங்கே போனாலும் தன்னோடு கொண்டுபோவது இரண்டாவது. இந்த ரகத்துக்கு இந்த இடம் ஒத்துவந்தது அல்லது வரவில்லை என்பது மூன்றாவது. மேடு பள்ளம், எலி, எடை போட்டதில் பிசகு எல்லாம் நான்காவது. கோதுமையோ நெல்லோ, பல இடங்களில் நடக்கும் சோதனைகளில் மொத்த வேறுபாட்டின் பெரும்பகுதி முதல் கூறில்தான் இருக்கும். ஆனால் ரகத் தேர்வில் அது உதவாது, ஏனென்றால் எல்லா ரகத்தையும் ஒரே அளவுக்குத்தான் அது ஏற்றி இறக்கும். நாம் தேடுவது இரண்டாவது கூறு. அதை மறைத்து ஏமாற்றுவது மூன்றாவது.

அந்த மூன்றாவது கூறுக்குக் கடலூர் மாவட்டத்தில் எடுத்துக்காட்டுகளுக்குக் குறைவில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் தண்ணீரும் அந்தக் கணக்கோடு பிணைந்தது. ஆகஸ்ட் 25இல் விதைத்த 155 நாள் ரகம் ஜனவரி 27இல் அறுப்புக்கு வந்துவிடும். அதே ரகத்தைக் கடைமடையில் செப்டம்பர் 25இல் விதைத்தால் அறுப்பு பிப்ரவரி 27. மணி பிடிக்கும் காலம் முழுவதும் தண்ணீர் தட்டும், பதர் ஏறும். 135 நாள் ரகம் அதே தேதியில் விதைத்தாலும் பிப்ரவரி 7இல் முடிந்துவிடும். தலைமடையில் முந்தும் ரகம் கடைமடையில் பிந்துகிறது. ரகத்திலும் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை, இரண்டும் சந்தித்த தேதிதான் காரணம். ஏரியோடு ஆழ்குழாய்க் கிணறும் உள்ள புதுச்சேரியின் பாகூரில் இதே 155 நாள் ரகத்துக்கு இந்தத் தண்டனை கிடையாது.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு சிஆர் 1009 சப் 1. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நெல்லிலிருந்து வந்த சப் 1ஏ மரபணு இதில் இருக்கிறது. 2006இல் அடையாளம் காணப்பட்ட இந்த மரபணு, பயிர் முழுகும்போது உயர்ந்து மேலே வரப் பார்த்துச் சேமிப்பைத் தீர்த்துவிடாமல் வளர்ச்சியை அடக்கி வைக்கிறது. தூர் கட்டும் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் முழுகியிருந்தாலும் வடிந்தபின் பயிர் துளிர்க்கும். வெள்ளம் வராத ஆண்டில் இதற்கும் பழைய சிஆர் 1009க்கும் கண்டுமுதலில் வேறுபாடு சொல்லும்படி இராது. மேட்டுப்பாங்கான ஒரே வயலில் ஆறு பிரதி போட்டு, ‘இதில் என்ன விசேஷம்’ என்று ஒதுக்கிவிட்டால் அந்த மரபணுவின் மதிப்பு கணக்கில் சேரவே சேராது. 2015 நவம்பர் வெள்ளத்தையோ, 2024 டிசம்பர் 1ஆம் தேதிக் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் கொட்டிய 45 செ.மீ.க்கு மேற்பட்ட மழையையோ நினைத்துப் பார்த்தால், அந்த ஒதுக்கலின் விலை தெரியும். ஒன்றை மறக்கக் கூடாது. பூக்கும் பருவத்தில் முழுகினாலும், மாதக்கணக்கில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் இந்த மரபணு காப்பாற்றாது.

எண்ணில் வைத்துப் பார்த்தால்

கணக்கு விளங்குவதற்காக எக்டேருக்கு டன் என்ற அலகில் சில மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். இவை நாம் வைத்துக்கொண்ட எண்கள், எந்தச் சோதனையின் முடிவும் அல்ல. ரகங்களின் சொந்த வேறுபாட்டின் மாறுபாட்டெண் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) 0.20. ரகமும் இடமும் சேர்ந்தது 0.10. ரகமும் ஆண்டும் சேர்ந்தது 0.05. ரகம், இடம், ஆண்டு மூன்றும் சேர்ந்தது 0.15. பாத்திப் பிழை 0.30.

சராசரியில் கலந்திருக்கும் குழப்பத்தைக் காண, இடத்தோடு சேர்ந்ததை இடங்களின் எண்ணிக்கையாலும், ஆண்டோடு சேர்ந்ததை ஆண்டுகளின் எண்ணிக்கையாலும், மூன்றும் சேர்ந்ததை அவ்விரண்டின் பெருக்கத்தாலும், பாத்திப் பிழையை மொத்தப் பாத்தியாலும் வகுத்துக் கூட்ட வேண்டும். ஒரே வயலில் ஆறு பிரதி என்றால் 0.10 + 0.05 + 0.15 + 0.05, மொத்தம் 0.35. மூன்று ஊரில் இரண்டிரண்டு என்றால் 0.18. ஆறு ஊரில் ஒவ்வொன்று என்றால் 0.14. மூன்று ஊர், இரண்டு சம்பா என்றால் 0.13.

0.20ஐ அதனோடு குழப்பத்தையும் சேர்த்த தொகையால் வகுத்தால், கண்ணில் தெரியும் வேறுபாட்டில் ரகத்துக்கு உண்மையிலேயே சொந்தமான பங்கு கிடைக்கும். முதல் வழியில் அது 0.36. அடுத்தவற்றில் முறையே 0.52, 0.59, 0.60. எக்டேருக்கு ஒரு டன் என்பது ஏக்கருக்கு 405 கிலோ, 75 கிலோ மூட்டையில் 5.4 மூட்டை. (புதுச்சேரிக் காணிக் கணக்கில் 535 கிலோ, ஏழு மூட்டைக்குச் சற்று மேல்.) ஒரே வயல் சோதனையில் ஒரு ரகம் சராசரியைவிட 5.4 மூட்டை கூடக் கொடுத்திருந்தால், அடுத்த ஆண்டு ஊரெங்கும் அதை நம்பி விதைப்பவருக்குச் சராசரியாகக் கிடைக்கப்போவது 2 மூட்டை. ஆறு ஊர்ச் சோதனையில் அதே வெற்றி தெரிந்திருந்தால் 3.2 மூட்டை. செலவழித்த பாத்தி ஒன்றே.

‘அப்படியானால் ஒரே வயலில் பிரதியைக் கூட்டுவோமே’ என்ற எண்ணம் வரும். இருபது பிரதி போட்டாலும் அந்தப் பங்கு 0.39ஐத் தாண்டாது. எத்தனை பிரதி போட்டாலும் 0.40தான் எல்லை. பிரதியைக் கூட்டினால் கரையும் பிழை பாத்திப் பிழை மட்டும். அந்த மண்ணும் அந்த ஆண்டும் அந்த ரகத்தோடு பின்னிக்கொண்டது அப்படியே நிற்கும்.

இதைவிட ஆபத்தானது ஒரே வயல் சோதனை தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் நற்சான்று. பாத்திகளுக்குள் பிழை சிறிதாக இருப்பதால், 0.65 டன் வேறுபாடு இருந்தாலே ‘தெளிவான வேறுபாடு’ என்று அதன் புள்ளியியல் அட்டவணை சொல்லிவிடும். இடத்தையும் ஆண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மையில் வேண்டியது ஏறக்குறைய 1.7 டன். ஆறு ஊர்ச் சோதனை 0.9 டன் வேண்டும் என்று சொல்லும், உண்மையில் வேண்டியது 1.1. இது தன் பிழையை ஏறத்தாழ ஒப்புக்கொள்கிறது, அது மறைக்கிறது. வெற்றி பெற்ற ரகம் வெளியே வந்து சரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விதையையோ உழவரையோ குறை சொல்லிப் பயனில்லை.

இடத்தைப் பரப்புவதன் வலிமையைக் கோதுமை உலகுக்குக் காட்டியது. நார்மன் போர்லாக் மெக்சிகோவில் 1940களில் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் மாறிமாறிக் கோதுமையை வளர்த்தார். ஒன்று கடல் மட்டத்தை ஒட்டிய சோனோரா சமவெளி, மற்றொன்று 2,600 மீட்டர் உயரத்து டொலுகா. காலத்தை மிச்சப்படுத்தத் தொடங்கிய வேலை அது. இரண்டிலும் தேறியதைத்தான் வைத்துக்கொண்டதால், பகல் நீளத்துக்குக் கட்டுப்படாத, பல நாட்டுக்கும் பொருந்தும் கோதுமை தானாகத் திரண்டது. லெர்மா ரோஹோ 64, சோனோரா 64 விதையை 1966இல் இந்தியா 18,000 டன் இறக்கி நம் வடமாநிலங்களில் விதைக்க முடிந்தது அதனால்தான்.

எல்லா ஊரையும் ஒரே சராசரியில் போடலாமா

கூடாது. இந்த இடத்தில் சறுக்கினால் ஆறு ஊரும் வீண்.

இடங்களுக்கு இடையிலான வேறுபாடு இரண்டு வகை. ஆண்டுதோறும் திரும்ப வருவது ஒன்று: களிமண், செம்மண், உவர், தலைமடை, கடைமடை. மழை எந்த வாரம் கொட்டும், புகையான் பூச்சி எந்தப் பக்கம் கிளம்பும் என்பது போலத் திரும்ப வராதது மற்றொன்று. திரும்ப வராததைச் சராசரியில் கரைக்க வேண்டும். திரும்ப வருவதைக் கரைத்தால் கையில் இருக்கும் தகவலைத் தண்ணீரில் விட்டதுபோல ஆகும். அதைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ரகம் தேர வேண்டும்.

கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கடலோர வயலைக் காட்டுமன்னார்கோயில் வயலோடு சேர்த்துச் சராசரி எடுப்பது இந்தத் தவறுக்கு நல்ல சான்று. மண்ணின் உப்பைக் காட்டும் மண்சாற்று மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய 12 விழுக்காடு வீழும். அங்கே ரகங்களின் வரிசையே வேறு. இதில் இன்னொரு பொறியும் உண்டு. டிஆர்ஒய் 3 களர் மண்ணைத் தாங்குவதற்காக வந்த ரகம். களர் (சோடியம் மிகுந்த மண்) வேறு, உவர் (உப்பு மிகுந்த மண்) வேறு. களரைத் தாங்குவதெல்லாம் உவரையும் தாங்கும் என்று எண்ணிக் கடலோரத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் கிணற்றுப் பாசனமும் தனிக் கூட்டம்தான். பாகூரையும் மேட்டூர்த் தண்ணீரை நம்பிய ஊர்களோடு சேர்க்காதீர்கள்.

ஆகவே ஆறு ஊர் என்றால் வரைபடத்தில் தூரதூரமாக ஆறு புள்ளி வைப்பதல்ல. வீராணம், கொள்ளிடம் பாசனத்துக்கு விதை பெருக்கப் போகிறீர்கள் என்றால் லால்பேட்டை, குமராட்சி, கீரப்பாளையம், சேத்தியாத்தோப்பு என அந்தப் பாசனப் பகுதிக்குள்ளேயே பரப்புங்கள். அதிலும் தலைமடையில் மூன்று, கடைமடையில் மூன்று. விதைப்புத் தேதியை அந்தந்த ஊர் வழக்கத்துக்கே விடுங்கள். எல்லா ஊரிலும் ஒரே நாளில் விதைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எந்தச் சூழலைச் சோதிக்கப் போனீர்களோ அதையே அழித்தவர்கள் ஆவீர்கள்.

ஒரு பிரதி வழியில் என்னென்ன கெடும்

ஒரு வயலில் ஒரே ஒரு பாத்தி என்னும்போது அந்தப் பாத்தி கெட்டால் அந்த ஊரில் அந்த ரகத்துக்குப் பதிலே இல்லை. அதனால் ஊரார் வழக்கமாக விதைக்கும் ரகத்தை மட்டும் ஒவ்வொரு வயலிலும் இரண்டு பாத்தி போடுங்கள், வயலின் இரண்டு கோடியிலும் ஒவ்வொன்றாக. அவை இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த வயலின் சீரின்மைக்கு அளவுகோல். ஆறு பாத்தி கூடும், 42 ஆகும். அந்தச் செலவு கட்டாயம்.

பாத்தி 5 மீட்டருக்கு 4 மீட்டர். நடவு 20க்கு 15 செ.மீ. இடைவெளியில் என்றால் 20 வரிசை வரும். இரு பக்கமும் இரண்டு வரிசை, இரு கடையிலும் இரண்டு குத்து விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் அறுக்க வேண்டும்: 3.2 மீட்டருக்கு 4.4 மீட்டர், 14.08 சதுர மீட்டர். ஓரப் பயிருக்கு வெளிச்சமும் உரமும் கூடுதலாகக் கிடைக்கும், அதைச் சேர்த்தால் கண்டுமுதல் ஊதும். அறுக்கும் ஆள் தவறி ஒரு வரிசையைக் கூட எடுத்துவிட்டால் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். 5.8 டன் விளைச்சலில் அது ஏக்கருக்கு 2 மூட்டை! நாம் தேடும் வேறுபாடே அவ்வளவுதான். அறுப்புக்கு முன்னாலேயே நான்கு மூலையிலும் குச்சி நட்டு, கயிறு கட்டிவிட்டு, ஓரத்தை முதலில் அறுத்து வெளியே தள்ளுங்கள்.

ஈரம் இன்னொரு திருடன். எல்லா எடையையும் 14 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். 21 விழுக்காடு ஈரத்தில் 8.9 கிலோ என்றால் 79ஆல் பெருக்கி 86ஆல் வகுக்க 8.18 கிலோ வரும், எக்டேருக்கு 5.8 டன். 14.08 சதுர மீட்டரில் 8.9 கிலோவை ஈரம் பார்க்காமல் அப்படியே ஏற்றினால் 6.3 டன் என்று வரும். மார்கழி, தை மாதப் பனியில் காலை அறுத்த பாத்திக்கும் மாலை அறுத்த பாத்திக்கும் ஈரம் ஒன்றாக இருக்காது. ஈரப்பதமானி இல்லாமல் சோதனையைத் தொடங்காதீர்கள்.

விதையே ரகம்போல வேடம் போடுவதும் உண்டு. ஒரு ரகம் போன அறுப்பின் புது விதை, மற்றொன்று ஈர மூலையில் கிடந்த பழையது என்றால் நீங்கள் ஒப்பிடுவது கிடங்கை. நூறு விதையை முளைக்கவிட்டுப் பார்த்து, 80க்குக் குறைந்ததை ஒதுக்குங்கள். மீதியில் முளைப்புக்கேற்ப விதையளவைச் சரிசெய்யுங்கள்.

தழைச்சத்தில் நெடுநாள் வாதம் உண்டு: எல்லாவற்றுக்கும் ஒரே அளவா, அவரவர் பரிந்துரையா? சம்பாவின் மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து பொதுப் பரிந்துரை. உயரமான வெள்ளைப் பொன்னிக்கு 75 கிலோ. அதற்கும் 150 போட்டால் சாய்ந்துவிடும், பிறகு ‘வெள்ளைப் பொன்னி விளையவில்லை’ என்று எழுதுவது அநியாயம். நாம் அறிய விரும்புவது உழவர் அந்த ரகத்தை அதற்குரிய முறையில் வளர்த்தால் என்ன கிடைக்கும் என்பது. ஆகவே அவரவர் பரிந்துரை. ஆனால் அப்போது பாத்திகளுக்கிடையே உரத் தண்ணீர் கசியக் கூடாது. 30 செ.மீ. அகல வரப்பை நன்றாக மெழுகி, மேலுரம் போட்டு இரண்டு மூன்று நாள் மடை திறக்காமல் இருக்க வேண்டும்.

வயது குறைந்த ரகம் முதலில் பழுத்தால் ஊர்க் குருவியும் எலியும் அந்த ஒரே பாத்தியில் வந்து இறங்கும். அதே வேளை நீண்ட ரகத்துக்குத் தண்ணீர் வேண்டும், குறுகியதற்கு வடிய வேண்டும். வயலை வயதுப்படி இரண்டு பகுதியாக்கி, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சீட்டுப் போட்டுப் பாத்தியை ஒதுக்குங்கள். வழக்க ரகத்தின் இரண்டு பாத்தியும் பகுதிக்கு ஒன்றாக விழட்டும், பகுதிகளை இணைத்துப் படிக்க அதுவே பாலம். சீட்டுப் போடாமல் ‘நல்ல ரகம் நல்ல இடத்தில்’ என்று யாராவது கைவைத்தால் சோதனை அங்கேயே முடிந்தது.

எப்போது ஒரே வயல்

குலைநோய், பாக்டீரியா இலைக்கருகல் போன்றவற்றை வாரம் இருமுறை பார்த்து மதிப்பெண் போடுவது, ஒரு ரகத்துக்கு எவ்வளவு தழைச்சத்து தகும் என்று தேடுவது, கலப்பு நீக்குவது, இவற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு வயல்தான் சரி. கண்டுமுதலுக்கு அல்ல. அந்த ஒரு வயலில் நவம்பர் மாதம் ஒருமுறை வரப்பு உடைந்தால் 36 பாத்தியும் போகும். ஆறு ஊரில் ஒன்று போனால் ஆறில் ஒரு பங்கு. வடகிழக்குப் பருவமழையின் வாசலில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

மூன்று ஊரில் இரண்டிரண்டு என்பதை, நம்பிக்கையான உழவர் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மட்டும் எடுங்கள். அக்கறையில்லாத ஆறு வயலைவிட அக்கறையுள்ள மூன்று மேல்.

இரண்டு சம்பா வழியும் ஆறு ஊர் வழியும் எண்ணில் ஏறக்குறைய சமம். எங்கள் தேர்வு இரண்டையும் தொடுத்தது. முதல் சம்பாவில் ஆறு ஊர், ஒரு பிரதி. அதன் முடிவில் ஒரே ரகத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், 1.1 டன்னுக்குள் நெருங்கி நிற்பவற்றைப் பிரிக்க அந்த ஆண்டால் முடியாது. மேலே நிற்கும் மூன்றை எடுத்து, ஒவ்வோர் ஊரின் சராசரியையும் கழித்துவிட்டுப் பாருங்கள். மோசமான இரண்டு ஊரில் எது கீழே விழவில்லை என்பது, நல்ல இரண்டு ஊரில் எது உச்சியில் என்பதைவிட முக்கியம், ஏனென்றால் கடன் வாங்கிய உழவரைக் கவிழ்ப்பது கெட்ட ஆண்டுதான். சன்ன நெல்லுக்கும் குண்டு நெல்லுக்கும் விலை வேறு என்பதால், மூட்டையை ரூபாயாக மாற்றிய பின் ஒருமுறை வரிசையைச் சரிபாருங்கள். இரண்டாம் சம்பாவில் அந்த மூன்றும் வழக்க ரகமும் அதே ஆறு ஊரில், வேறு வயல்களில். அதற்கு 24 பாத்தி போதும், வழக்க ரகத்தின் இரட்டைப் பாத்தியோடு 30. இடைப்பட்ட மாதங்களில் மூன்றின் விதையையும் 13 விழுக்காடு ஈரத்துக்குக் கீழே காயவைத்து, ரகப் பெயரும் அறுத்த தேதியும் எழுதிய தனித்தனிச் சாக்கில், தரையில் படாமல் மரப்பலகைமேல் வையுங்கள்.